நான்டக்கெட்டில் நின்றுபோன கல்யாணம்: ‘தி பர்ஃபெக்ட் கப்பிள்’ நாவல் விமர்சனம்

கொலைகாரர் யார் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் எலின் ஹில்டர்பிராண்டின் ‘தி பர்ஃபெக்ட் கப்பிள்’ நாவலை வாங்குகிறவர்களுக்குப் பாதி ஏமாற்றம் நிச்சயம். கல்யாணச் செலவு யாருடையது, பந்தலில் யார் பேச்சு எடுபடுகிறது, யார் வாயை மூடிக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல தீனி. துப்பறியும் கதையாக 10க்கு 6 போடலாம். ஒரு பணக்காரச் சம்பந்தம் எப்படிப் பேசி முடிக்கப்படுகிறது என்பதன் கதையாக எடுத்துக்கொண்டால் 8 தாராளமாகக் கொடுக்கலாம்.

ஹில்டர்பிராண்ட் 2000இல் ‘தி பீச் கிளப்’ நாவலோடு எழுத வந்தவர். வாழ்வது அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில். எழுதியதும் பெரும்பாலும் அந்தத் தீவைப் பற்றித்தான். கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் துண்டோடும் சன்ஸ்கிரீனோடும் பையில் போட்டுக்கொள்ளும் புத்தகங்களுக்கு அமெரிக்காவில் தனிச் சந்தையே இருக்கிறது. அதில் வருஷம் தவறாமல் முன்வரிசையில் நின்ற பெயர் இவருடையது. காதல், மண முறிவு, பழைய நட்பு, நல்ல சாப்பாடு என்று எழுதிக்கொண்டிருந்தவர் கொலையைத் தொட்டது 2018இல் வந்த இந்த நாவலில்தான். முதல் கைவரிசை என்பது சில இடங்களில் பளிச்சென்று தெரிகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கதையின் முதல் கால்பங்கைத் தாண்டி எதையும் இங்கே உடைக்கப்போவதில்லை.

2018 ஜூலை 7, சனிக்கிழமை. நான்டக்கெட்டின் மோனோமாய் பகுதியில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ‘சம்மர்லேண்ட்’ என்ற பெரிய வீட்டில் அன்று கல்யாணம். மாப்பிள்ளை பென்ஜி விண்பரி, பெண் செலஸ்ட் ஓட்டிஸ். விடியற்காலையில் தண்ணீரில் ஒரு உடல் மிதக்கிறது. மணப்பெண்ணின் உயிர்த்தோழியும் தோழிப்பெண்ணுமான மெரிட் மோனகோ. அதைப் பார்ப்பவள் மணப்பெண்ணேதான். முதல் நாள் இரவு அந்த வீட்டில் தங்கியிருந்த யாரும் அதன் பிறகு சந்தேகத்துக்குத் தப்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா டாக், நிதித்துறையில் கொழித்தவர். அம்மா கிரீர் கேரிசன், பிரிட்டனில் பிறந்த துப்பறியும் நாவலாசிரியை. அண்ணன் தாமஸ், கர்ப்பிணியான அண்ணி அப்பி. மாப்பிள்ளைத் தோழன் ஷூட்டர் அக்ஸ்லி. லண்டனிலிருந்து வந்திருக்கும், ஏன் வந்தாள் என்று யாருக்கும் சரியாகப் பிடிபடாத ஃபெதர்லி டேல். பெண்ணின் பெற்றோர் புரூஸ், கேரன்.

சம்பந்திகள் இருவருக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் நாவலின் சாரம் இருக்கிறது. ஓட்டிஸ் குடும்பம் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்தைச் சேர்ந்தது. அது க்ரயோலா கலர் கிரயான்களின் ஊர். கேரன் வேலை பார்ப்பதும் அந்த கம்பெனியின் பரிசுப்பொருள் கடையில்தான். புரூஸ் ஒரு பெரிய துணிக்கடையில் ஆண்களுக்கு சூட் விற்பவர். மகள் செலஸ்ட் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சி சாலையில் நல்ல பொறுப்பில் இருக்கும் விலங்கியலாளர். படிப்பும் வேலையும் அவளுக்குச் சொந்தமாக உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் அவற்றுக்கு மதிப்பே இல்லை.

அமெரிக்க வழக்கப்படி கல்யாணச் செலவு பெண் வீட்டார் பொறுப்பு. கேரனுக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிவிட்டது, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அதற்காகவே தேதியை முன்னால் இழுத்திருக்கிறார்கள். ஓட்டிஸ் குடும்பத்தால் அந்தச் செலவை நினைத்துப் பார்க்கவும் முடியாது. எல்லாவற்றையும் விண்பரிகள் ஏற்கிறார்கள். கூடாரம், சாப்பாடு, பூ, இசைக்குழு, விருந்தாளிகள் தங்கும் இடம், ஒன்று பாக்கியில்லை. யார் கையில் செலவோ அவர் கையில் கல்யாணம். கிரீர் அதட்டுவதில்லை, சண்டை போடுவதில்லை, புன்னகையோடு கேட்கிறார், கேட்டுவிட்டுத் தான் நினைத்ததைச் செய்கிறார். “உங்களுக்கு இதில் ஆட்சேபம் இல்லையே?” என்று ஒருவர் கேட்கும்போது இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது என்று இருவருக்கும் தெரிந்திருக்கும் அந்தச் சூழலை ஹில்டர்பிராண்ட் அச்சு அசலாகப் பிடித்திருக்கிறார். சம்பந்தி மரியாதை என்றால் என்ன என்று தெரிந்த எந்த வாசகருக்கும் இதற்குப் பொழிப்புரை தேவைப்படாது.

செலஸ்ட்டுக்குத் திக்குவாய் வருகிறது. பிறவியில் இருந்ததில்லை, கல்யாண நாள் நெருங்க நெருங்கத்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது. வாக்கியம் பாதியில் சிக்குகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்கிறாள். கல்யாணப் பரபரப்பு என்று வீட்டார் ஆளுக்கொரு சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். படிக்கிறவர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. எந்தக் கேள்விக்குச் சிக்குகிறது, எதற்குச் சிக்கவில்லை என்று கவனித்து வந்தால் போலீசுக்கு முன்பே ஒரு ரகசியம் பிடிபட்டுவிடும். புத்தகத்திலேயே நேர்மையாக, முன்கூட்டியே வைக்கப்பட்ட தடயம் இதுதான்.

கேரனைப் பற்றிய பகுதிகள் புத்தகத்தின் உச்சம். வலிநிவாரணி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டால் மகளின் கல்யாணத்தில் எத்தனை மணிவரை நிற்கலாம் என்று கணக்குப் போடும் பெண்ணை இந்த வகை நாவலில் எதிர்பார்த்து யாரும் பக்கத்தைத் திருப்புவதில்லை. ஹில்டர்பிராண்டுக்கே 2014இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டுச் சிகிச்சை நடந்தது. அதைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கேரனின் உடம்பைப் பற்றி எழுதும்போது மட்டும் நடை மாறுகிறது, வேகம் குறைகிறது, அலங்காரம் உதிர்கிறது. அத்தியாயத் தலைப்பில் ‘கேரன்’ என்று வந்தால் கிரிக்கெட் ஸ்கோரை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய இரவு விருந்து ‘கிளாம்பேக்’. அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரைக்கே உரிய சமையல். மணலில் குழி தோண்டி, கற்களை அடுக்கி, மேலே விறகு எரித்து, கற்கள் நன்றாகச் சூடேறியதும் தணலை ஒதுக்கிவிட்டு ஈரக் கடற்பாசியைப் பரப்புவார்கள். அதன்மேல் உருளைக்கிழங்கு, சோளக்கதிர், சிப்பி, லாப்ஸ்டர் என்று அடுக்கு அடுக்காக வைத்து, மறுபடியும் பாசி போட்டு, நனைத்த தார்ப்பாயால் மூடிவிட்டால் ஆவியிலேயே வெந்துவிடும். பாசியின் உப்புதான் மசாலா. அடிப்படையில் இது மீனவர்களும் பண்ணைக்காரர்களும் சாப்பிட்ட சாப்பாடு. கையில் எடுத்துக் கிழித்து, உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, தாடையில் வழிய வழியச் சாப்பிட வேண்டும். அதையே கேட்டரிங் ஆள்வைத்து, சீருடைப் பரிசாரகர்களோடு, புல்வெளியில் கூடாரம் போட்டு நடத்துவது கோடீஸ்வரர்களின் எளிமை. ஈஸ்டனிலிருந்து வந்த தம்பதி அந்த மேஜையில் லாப்ஸ்டரை எப்படி உடைப்பது என்று யோசித்தபடி உட்கார்ந்திருப்பதில் வகுப்பு வித்தியாசம் முழுக்கத் தெரிகிறது. ஒரு வரி விளக்கமும் வேண்டியதில்லை.

தீவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் கதை கூடுதலாகத் திறக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கரையிலிருந்து தெற்கே சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது நான்டக்கெட். ஒரு காலத்தில் உலகத் திமிங்கில வேட்டையின் தலைநகரம். ‘மோபி டிக்’ நாவலின் பீக்வாட் கப்பல் கிளம்புவது இங்கிருந்துதான். இன்று கோடையில் மட்டும் கூட்டம் பல மடங்காகும் பணக்கார விடுமுறைத் தீவு. வீடுகளின் விலை மில்லியன் டாலர்களில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் வீடுகளை வெளியிலிருந்து பார்த்தால் பணம் தெரியாது. தீவு முழுக்கக் கட்டடங்களின் தோற்றத்தை ஒரு பாரம்பரியக் குழு கட்டுப்படுத்துகிறது. சுவரில் தேவதாரு மரச் செதில்கள், உப்புக் காற்றில் சாம்பல் நிறமாகிப்போனவை, வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல், வாசலில் ஹைட்ராஞ்சியா பூச்செடி. 40 லட்சம் டாலர் வீடும் 2 கோடி டாலர் வீடும் ஒரே சாம்பல். வித்தியாசம் வேலிச் செடியின் உயரத்திலும், கடல் எவ்வளவு பக்கத்தில் என்பதிலும், பின்பக்கத்தில் எத்தனை விருந்தினர் குடில்கள் என்பதிலும் இருக்கிறது. வெளியே எல்லோரும் ஒரே மாதிரி, உள்ளேதான் எல்லாம் என்ற இந்தக் கட்டட விதியைக் கதையின் விதியாகவும் நாவல் எடுத்துக்கொள்கிறது. நல்லவேளை, அதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்லித் தொலைக்கவில்லை.

துப்பறியும் கதைக்குத் தீவு வசதியான களம். ஓடிப்போக இரண்டே வழி, படகுத்துறையும் விமான நிலையமும். இரண்டு இடத்துக்கும் ஒரு போன் போட்டால் தீவு பூட்டப்பட்டுவிடும். மாப்பிள்ளைத் தோழன் விசாரணையின் நடுவில் நழுவும் பகுதி இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. சிறிய தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது தப்பிப்பவனுக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பதை அங்கே பார்க்கலாம்.

கட்டமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் 60ஆம் பக்கத்தில் குழம்பி மூடி வைப்பது இதனால்தான். ஒவ்வொரு அத்தியாயமும் ஒருவர் பெயரோடும், நாள் நேரத்தோடும் தொடங்குகிறது. சனிக்கிழமை நடப்பவை நிகழ்காலத்தில் ஓடுகின்றன. நடுநடுவே செலஸ்ட் பென்ஜியைச் சந்தித்தது, மெரிட்டோடு சிநேகம் ஆனது, முதல்முறை தீவுக்கு வந்தது என்று பின்கதை தனித் தேதிகளோடு வருகிறது. போலீஸ் தலைவர் எட் கபனாஷ், துப்பறிவாளர் நிக், கிரீர், டாக், கேரன், செலஸ்ட் என்று கண்கள் மாறிக்கொண்டே இருக்கும். தலைப்பு நேரத்தைப் பார்க்காமல் தாண்டிப் படித்தால் காலை 7 மணிக்கு இறந்தவள் 8 மணிக்குப் பேசுவது போலத் தோன்றும்.

ஒரு சின்ன ஏற்பாடு போதும். முதல் 4 அத்தியாயம் முடிந்ததும் ஒரு காகிதத்தில் மூன்று பத்தி போடுங்கள்: விண்பரிகள், ஓட்டிஸ்கள், வெளியாட்கள். டாக், தாமஸ் என்று ஒலியில் முட்டிக்கொள்ளும் பெயர்களுக்கு எதிரில் ‘அப்பா’, ‘அண்ணன்’ என்று எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே வெள்ளி இரவுக்கு ஒரு நேரக்கோடு. விருந்து முடிந்த பிறகு ஒரு கூட்டம் ஊருக்குள் போகிறது. சிலர் கூடாரத்திலேயே உட்கார்ந்து டாக்கின் ரம்மை ஊற்றிக்கொள்கிறார்கள். அந்தக் கூடாரத்து மேஜையில் யார் யார், எப்போது யார் எழுந்தார், திரும்பி வந்தாரா இல்லையா என்று மட்டும் குறித்து வாருங்கள். ஒரே இரவை வெவ்வேறு ஆட்கள் வாயிலாக நாலைந்து தடவை கேட்கப்போகிறீர்கள். இரண்டு வாக்குமூலங்கள் எங்கே பிசகுகின்றன என்பது காகிதத்தில் இருந்தால்தான் தெரியும். கரையில் கிடக்கும் கயாக் படகு, இறந்தவளின் காலில் வெட்டு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கைவசம் இருக்கும் மாத்திரைகள் ஆகிய மூன்றையும் அந்தக் காகிதத்தில் ஏற்றிவிட்டால் கிரீரைவிட நீங்கள் ஒரு படி முன்னால் இருப்பீர்கள்.

கிரீர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. தன் வீட்டில் உண்மையாகவே பிணம் விழுந்தபோது, கொலைக்கதை எழுதிப் பிழைக்கும் ஒருத்தி போலீசிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று கணக்குப் போடுகிறாள். பொய் சொல்வதில்லை, ஆனால் முழுசாகவும் சொல்வதில்லை. தன் கதையில் இப்படி ஒரு பாத்திரம் நடந்துகொண்டால் வாசகர் என்ன நினைப்பார் என்று அவளுக்கே தெரியும். எழுத்தாளரைப் பற்றி எழுத்தாளர் எழுதும்போது சாதாரணமாக வரும் சுயதம்பட்டம் இல்லாமல், கொஞ்சம் நக்கலோடு எழுதப்பட்டிருக்கிறது. கிரீர் வரும் பக்கங்கள் வேகமாக ஓடுகின்றன.

இனி போலீஸ். மாசசூசெட்ஸில் பாஸ்டன் போன்ற சில பெரிய நகரங்கள் தவிர்த்து, சந்தேக மரணம் என்றால் விசாரணை மாவட்ட வழக்கறிஞரின் கீழ் பணிபுரியும் மாநிலப் போலீஸ் துப்பறிவாளர்களிடம் போய்விடும். அதனால்தான் தீவில் ஒரு போலீஸ் தலைவர் இருந்தும், பெருநிலத்திலிருந்து ‘கிரேக்கன்’ என்று அழைக்கப்படும் நிக் டயமன்டோபோலஸ் வர வேண்டியிருக்கிறது. இதை நாவல் சரியாகவே வைத்திருக்கிறது. உள்ளூர் ஆளான கபனாஷுக்குத் தீவு தெரியும், வெளியாள் நிக்குக்குக் கேட்கத் தெரியும் என்ற வேலைப் பிரிவினையும் இயல்பு.

ஆனால் ஆய்வக விவகாரத்தில் ஓட்டை. உடற்கூறாய்வு முடிவுகள் கதையின் அவசரத்துக்கு ஏற்ற வேகத்தில் வந்து விழுகின்றன. நிஜத்தில் இரத்தத்தில் என்ன மருந்து, எவ்வளவு என்ற நச்சியல் அறிக்கைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நீரில் மூழ்கி இறந்ததை உறுதிசெய்வதும் எளிதல்ல. அதற்கென்று தனியாக ஒரு பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, சூழலைப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். விழுந்தாரா, தள்ளினார்களா, தானே இறங்கினாரா என்பதை உடம்பு மட்டும் சொல்லிவிடாது. இதையே வைத்து அழகாக ஆட்டம் காட்டியிருக்கலாம். ஒரே நாளுக்குள் பெரும்பாலான விசாரணையை அடைக்க வேண்டும் என்ற முடிவு கை கட்டிப்போட்டுவிட்டது. விசாரணைக் காட்சிகளும் அப்படியே. நிக் கேட்கிறார், ஆள் தயங்குகிறார், நிக் இன்னொரு முறை கேட்கிறார், ஆள் கொட்டிவிடுகிறார். பணக்காரக் குடும்பத்தின் முதல் அனிச்சைச் செயல் வக்கீலுக்கு போன் போடுவது என்பதை இவ்வளவு தூரம் ஒத்திப்போட முடியாது.

நடுவில் ஒரு தொய்வும் உண்டு. பின்கதை அத்தியாயங்கள் அடுத்தடுத்து வந்து விசாரணையை நிறுத்திவிடும் சுமார் 80 பக்கம். உணவக மெனு, பிராண்டு பெயர், உடுப்பு விவரம் என்று பத்திகள் வீங்குகின்றன. அவற்றை வேகமாகப் பார்வையில் ஓட்டலாம், ஆனால் முழுசாகத் தாண்டக் கூடாது. மெரிட் விளம்பரத்துக்காகக் கிடைக்கும் இலவச உடைகளையும் டிக்கெட்டுகளையும் வைத்து வாழும் ஆள். எது பரிசு, எது விலை, யார் கொடுத்தது என்ற கேள்வி அந்தச் சரக்குப் பட்டியலுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. குறிப்பாக நகை என்று வந்தால் நின்று படியுங்கள்.

முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இப்படித்தான் முடியும்: விடை கிடைக்கிறது, ஆனால் யார் கையில் அது கிடைக்கிறது என்பதில்தான் ஆசிரியர் விளையாடியிருக்கிறார். எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து விரல் நீட்டும் காட்சியை எதிர்பார்ப்பவர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிவார்கள், எறிந்தும் இருக்கிறார்கள். தற்செயலுக்கு அளவுக்கு மேல் வேலை கொடுத்திருப்பது குறைதான். முக்கியமான ஒருவரின் மனசுக்குள் முன்னமே நம்மை இன்னும் கொஞ்சம் நேரம் உட்காரவைத்திருந்தால் கடைசிப் பக்கங்கள் கனத்திருக்கும். ஆனால் கடைசி 50 பக்கத்தில் தீவு எப்படி இந்த மரணத்தைச் செரித்துக்கொள்கிறது என்பது இவ்வளவு நேரம் பார்த்த குடும்பத்துக்குப் பொருந்தியே இருக்கிறது.

மனசுக்கு ஒட்டாத விஷயம் வேறொன்று. இறந்துபோன மெரிட்டுக்காக அழுவது கிட்டத்தட்ட செலஸ்ட் மட்டுமே. மற்றவர்களுக்கு அவள் ஒரு தலைவலி, ஒரு ஆபத்து, நின்றுபோன கல்யாணத்தின் காரணம். ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கலாம். வைத்திருந்தாலும் ஆசிரியரின் பார்வையே பல இடங்களில் விருந்தாளிகள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. வேலைக்காரர்கள் விஷயமும் இதேதான். வீட்டுப் பணிப்பெண் எலிடா எல்லாவற்றையும் பார்த்திருப்பாள், ஆனால் அவள் கண்ணுக்கு நாவலில் பெரிய இடமில்லை. கேட்டரிங் வேலைக்கு வந்த இளம்பெண் க்ளோயி மட்டும் சாட்சியாக உயிர்பெறுகிறாள், அதுவும் அவள் போலீஸ் தலைவர் வளர்க்கும் பெண் என்பதால். வேலை செய்பவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காமல் திண்டாடும் தீவு அது. தட்டை எடுக்க வந்த கை எத்தனை பேச்சைக் கேட்டிருக்கும்! அந்தக் கதவை ஆசிரியர் லேசாகத் திறந்து மூடிவிடுகிறார்.

மொழி சிரமம் தராது. சின்ன வாக்கியங்கள், பேச்சு நடை. ஆங்கில நாளிதழைத் தடங்கலின்றிப் படிப்பவர்கள் சுமார் 380 பக்கத்தை ஒரு வாரத்தின் மாலைகளில் முடிக்கலாம். அகராதி தேவைப்படுவது கல்யாணச் சடங்குகளுக்கும் படகு வகைகளுக்கும்தான். கின்டிலில் படித்தால் பெயரை அழுத்தி முந்தைய இடங்களைத் தேடிக்கொள்ளலாம், இந்த நாவலுக்கு அது பெரிய உபகாரம். ஒலிப்புத்தகத்தை முதல் வாசிப்புக்குப் பரிந்துரைக்க முடியாது. நேரத் தலைப்பைக் காதில் தவறவிட்டால் பின்னால் போய்ப் பார்ப்பது எரிச்சல். வயதுவந்தவர்களுக்கான விஷயங்கள் உண்டு. வன்முறை காட்சியாக இல்லை, துரோகமும் படுக்கையறையும் இருக்கிறது. கல்லூரி வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

நெட்ஃபிளிக்ஸில் 2024 செப்டம்பரில் 6 பாகமாக வந்த தொடரைப் பார்த்துவிட்டவர்களுக்குப் புத்தகம் வீணா என்றால், இல்லை. சூசன் பியர் இயக்கிய தொடர் இதே வீட்டை வைத்துக்கொண்டு வேறு கதை சொல்கிறது. செலஸ்ட் அங்கே அமீலியா ஆகிவிட்டாள். போலீஸ் தலைவரின் பெயரும் ஆளும் மாறிவிட்டார். விண்பரிகளுக்கு நாவலில் இல்லாத இன்னொரு மகன் முளைத்திருக்கிறான். ஷூட்டராக நம் இஷான் கட்டர் நடித்திருப்பதால் அந்தப் பாத்திரத்தின் பின்னணியும் நகர்ந்திருக்கிறது. முக்கியமாக, முடிவை மாற்றிவிட்டார்கள். தொடர் விரலை நீட்டுகிறது, கைவிலங்கு மாட்டுகிறது. நாவலின் தெளிவின்மை பிடிக்காதவர்களுக்கு அது திருப்தி தரும். கிரீராக வரும் நிக்கோல் கிட்மன் பனிக்கட்டியாக நிற்பது பார்க்க நன்றாக இருந்தாலும், நாவலின் கிரீருக்கு இருக்கும் சோர்வும் நகைச்சுவையும் அதில் குறைவு. கேரனின் நோய்ப் படுக்கையை எழுத்தில் பார்த்த பிறகு திரையில் அது கைதவறிப்போன மாதிரி இருக்கும். இரண்டையும் தொட நினைத்தால் முதலில் புத்தகம், பிறகு தொடர். தலைகீழாகப் போனால் தொடரின் கொலையாளியையே நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

யாருக்கு வேண்டாம்? ஆதாரம், தர்க்கம், ரயில்வே கால அட்டவணை போல இறுகிய மர்மம் கேட்பவர்களுக்கு வேண்டாம். பணக்காரர் புலம்பலைக் கேட்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு 50ஆம் பக்கத்திலேயே கொட்டாவி வரும். நெடுந்தூர ரயில், ஆஸ்பத்திரிக் காத்திருப்பு, மழை விடாத ஞாயிறு என்று இடையிடையே நிறுத்தி எடுக்க வேண்டிய வாசிப்புக்கு இது பொருத்தம். அத்தியாயங்கள் 6 முதல் 12 பக்கத்துக்குள் முடிந்து, முடியும்போது ஒரு கொக்கியை மாட்டிவிட்டுப் போகின்றன.

படித்துப் பிடித்திருந்தால் அடுத்தது எது என்பதில் ஒரு வரிசை உண்டு. கபனாஷ் இந்த ஒரு நாவலின் ஆள் அல்ல. க்ளோயி அவர் வீட்டில் வளரக் காரணமான படகு விபத்து 2009இல் வந்த ‘தி காஸ்ட்அவேஸ்’ நாவலின் தொடக்கப் புள்ளி. அதை முன்னாலும் படிக்கலாம், பின்னாலும் படிக்கலாம்; எதுவும் கெட்டுப்போகாது. 2024இல் வந்த ‘ஸ்வான் சாங்’கை மட்டும் கடைசிக்கு ஒதுக்குங்கள். தீவுக்குப் புதிதாக வந்த பணக்காரத் தம்பதியின் 2 கோடியே 20 லட்சம் டாலர் வீடு எரிந்துபோகிறது, அவர்களிடம் வேலை பார்த்த பெண்ணைக் காணவில்லை, ஓய்வு பெறப்போகும் கபனாஷின் கடைசி வழக்கு அது. சம்மர்லேண்டில் பார்க்க மறந்துபோன வேலைக்காரர் பக்கத்தை அதில் ஹில்டர்பிராண்ட் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறார்.